தொடுத்தவள் பெயர்

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை வாங்கப் போனால், பெண்கள் கடைக்குள் நுழைந்ததும் நான் வெளியே வந்துவிடுவேன். புடவை தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஆண்பிள்ளைக்கு வேலை பணம் கொடுக்கும் சமயத்தில்தான் வருகிறது. அதுவரை வரதராஜர் சந்நிதித் தெருவில் ஒரு பாட்டி பூத் தொடுப்பதைப் பார்த்துக் கொண்டு நிற்பது வழக்கம். இருபது வருஷமாக இப்படித்தான்.

இரண்டு மல்லிகை இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், வாழை நாரில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் தெருவில் இருக்கும். வாய் பக்கத்துக் கடைக்காரியோடு பேசிக் கொண்டிருக்கும். "பார்க்காமலே எப்படிப் பாட்டி கட்டுகிறீர்கள்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"விரலுக்குத் தெரியும் சாமி. எனக்கு எங்கே தெரியும்?" என்றாள்.

இந்த விரல்களுக்குச் சரித்திரம் உண்டா என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை.

பூவுக்குச் சரித்திரம் தாராளமாக இருக்கிறது. கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று நம் முன்னோர் நான்கு வகை கண்டார்கள். அரும்பு, முகை, போது, மலர், அலர், செம்மல் என்று ஒரே பூவுக்கு அதன் வயதை ஒட்டிப் பெயர் மாற்றினார்கள். தொடுத்த பிறகும் விடவில்லை. தலையில் சூடினால் கண்ணி. மார்பில் அணிந்தால் தார். பெண்கள் அணிந்தால் கோதை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை மூச்சு விடாமல் அடுக்குகிறார். காஞ்சி என்பதே ஒரு மரத்தின் பெயர், அதன் பூவின் பெயர். உலக நிலையாமையைச் சொல்லும் திணைக்குத் தொல்காப்பியம் வைத்த பெயரும் காஞ்சிதான். மாலைக்குள் வாடுவதைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது?

கோயில் கல்வெட்டுகளில் இறைவனுக்குச் சாத்தும் மாலைக்குத் 'திருப்பள்ளித்தாமம்' என்று பெயர். அதற்காக நந்தவனம் வைத்தவர் பெயர், கொடுத்த நிலத்தின் நான்கு எல்லை எல்லாம் கல்லில் இருக்கின்றன. கொடுத்தவர் பெயர் நிற்கிறது. செடிக்குத் தண்ணீர் இறைத்தவரும், விடியுமுன் பறித்துத் தொடுத்தவரும் பெரும்பாலும் பெயர் இல்லாமலே போய்விட்டார்கள்.

இலக்கியம் ஒரு பெண்ணை மட்டும் தப்பவிட்டிருக்கிறது. புகார் நகரில் மணிமேகலை மாலை தொடுத்துக் கொண்டிருக்கிறாள். தந்தை கோவலன் பட்ட பாட்டைத் தாய் மாதவி சொல்லக் கேட்கிறாள். கண்ணீர் விழுந்து மாலை கெட்டுவிடுகிறது. புதுப் பூக் கொண்டு வா என்று மாதவி அனுப்பாவிட்டால் அவள் உவவனம் போயிருக்க மாட்டாள். மணிபல்லவமும் இல்லை, அமுதசுரபியும் இல்லை. நனைந்த மாலை ஒன்றிலிருந்து சாத்தனார் ஒரு காப்பியத்தையே எடுத்துவிட்டார். அந்தப் பெண் கடைசியில் வந்து சேர்ந்து, பஞ்சத்தில் பசித்தவர்களுக்குச் சோறிட்ட ஊர் இதே காஞ்சிதான்.

இன்னொருவர் திருக்கச்சி நம்பி. 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். பூவிருந்தவல்லியில் நந்தவனம் வைத்து, சுமார் 50 கிலோமீட்டர் தாண்டி வரதருக்குப் பூக் கொண்டு வந்தார் என்பார்கள். வைசிய குலத்தவர். இளைஞரான இராமானுசர் அவரையே குருவாக நினைத்து, அவர் உண்ட மிச்சத்தை உண்ண ஆசைப்பட்டு விருந்துக்கு அழைத்தார். அழைத்து வர இராமானுசர் ஒரு வழியாகப் போக, நம்பி வேறு வழியாக வந்து சாப்பிட்டுப் போய்விட்டார். இராமானுசர் திரும்பி வந்தபோது இலையை எடுத்தாகிவிட்டது, இடத்தை மெழுகியாகிவிட்டது, மனைவி தலைக்குக் குளித்தும் ஆகிவிட்டது. குருபரம்பரை சொல்லும் கதை இது.

தெய்வத்தின் தோளுக்கு ஏறும் பூ. அதைக் கொண்டு வந்தவர் தொட்ட தரைக்குத் தீட்டு. பிற்காலத்தில் திருமலையில் நந்தவனம் வைக்க யார் போவார்கள் என்று இராமானுசர் சீடர்களைக் கேட்டதாகவும், அனந்தாழ்வான் எழுந்ததாகவும் சொல்கிறார்கள். அப்படிக் கேட்டபோது அந்தப் பழைய இலை அவர் நினைவில் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

தறிக்கும் இந்தப் பூ உறவு உண்டு. மல்லிமொக்கு, தாழம்பூ ரேக்கு என்று புடவையில் விழும் வேலைப்பாடுகளின் பெயரைப் பாருங்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் ஓட, இரண்டையும் இழைக்கு இழை பிணைத்து நெய்வதற்குக் 'கோர்வை' என்று பெயர். கரைக்கான நாடாவைத் தள்ள நெய்பவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். 2005-06-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; ஊர் பெயர் பத்திரமாகிவிட்டது. அந்தப் பக்கத்து ஆளின் பெயரை எந்தப் புடவையில் தேடுவது?

நானும் யோக்கியன் இல்லை. செய்யுளில் எதுகை மோனைக்குத் 'தொடை' என்று பெயர்; பூவைத் தொடுப்பதும் சொல்லைத் தொடுப்பதும் ஒரே வினை. ஆனால் என் கதைக்குக் கீழே என் பெயர் இல்லாவிட்டால் பத்திரிகை ஆபீஸுக்குப் போன் செய்துவிடுவேன்.

2019-இல் அத்திவரதர் திருக்குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் சேவை சாதித்தார். 40 வருஷத்துக்கு ஒரு முறை வருவது. அந்தக் கூட்டத்தில் பாட்டிக்குத் தலை நிமிர நேரமில்லை. "1979-லயும் இங்கேதான் கட்டினேன் சாமி. அடுத்த தடவை யார் கட்டுவாங்களோ!" என்று சிரித்தாள்.

சென்ற மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தேன். மண்டபத்தில் மேடை அலங்காரத்துக்குப் பெங்களூரிலிருந்து வண்டி நிறையப் பூ வருகிறதாம். மணப்பெண் தலைக்கு மட்டும் பாட்டி கையால் வேண்டும் என்பது என் கட்சி. பாட்டியின் இடத்தில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள், பேத்தியாம்.

"ஆயா தை மாசமே போயிட்டாங்க சார்."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. "பாட்டியின் பெயர் என்னம்மா?" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அதை யார் சார் கேட்டாங்க? முழம் எவ்வளவுன்னுதான் கேப்பாங்க" என்றாள். பிறகு சொன்னாள்.

விரல்கள் மட்டும் நிற்கவில்லை. இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு.

அவள் பெயரையும் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் விலை கேட்டேன்.