முறையும் வரம்பும்: வீட்டுக் கணனிகளின் பல்பணி வரலாறு

நறுவிலிக்குளம் முதலாக மன்னார் நாட்டிலே குளத்தாற் பெயர் பெற்ற ஊர்கள் பல. குளத்து நீரை நம்பிப் பயிர் செய்வார்க்கு இரண்டு இன்றியமையாதன. ஒன்று நீர் பாய்ச்சும் முறை. மற்றையது வயலைப் பிரிக்கும் வரம்பு. முறை தவறின் கடைவயல் காயும்; வரம்பு உடையின் அயல்வயல் அழியும். வீடுகளிற் புகுந்த முதற் கணனிகளின் உறுதிப்பாட்டை ஆராய்வார்க்கும் இவ்வேறுபாடு பெரிதும் உதவும்.

கணனியின் செயலி செய்நிரல்கள் பலவற்றை மாறி மாறி மிக விரைவாக இயக்குமாயின், அவை ஒருங்கே நிகழ்வன போலத் தோன்றும். இதுவே பல்பணி எனப்படும். 1961 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் கோர்பற்றோ குழுவினர் இதனைப் பெருங்கணனியொன்றிற் செய்து காட்டினர். சிறு கணனிகளோ நெடுங்காலம் ஒரு வேளையில் ஒரு நிரலையே இயக்கின. 1983 இல் கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், திரைப்பட இயக்குநர் பீற்றர் ஹயம்சுடன் தொலைபேசிக் கம்பி வழியே கருத்துப் பரிமாறப் பயன்படுத்திய கேப்புரோ கணனியும் அத்தகையதே. அதன் நினைவகம் 64 கிலோபைற்று.

பல்பணி வீட்டுக்கு வந்தபோது இரு வழிகள் தோன்றின. 1985 இல் வெளிவந்த விண்டோசும், 1987 இல் மக்கின்ரோசுக்கு வந்த மல்ரிபைண்டரும் ஒத்துழைப்பு வழியைக் கொண்டன. ஓடும் நிரல் தானாகவே இடம்விட்டாலன்றி அடுத்தது ஓடாது. ஒன்று விடாப்பிடியாக நின்றால் ஏனையவும் நின்றன. இது முறை பிழைத்தல்.

1984 இல் வந்த சிங்கிளேயர் கியூ.எல். கணனியும், 1985 இல் வந்த கொமடோர் அமிகாவும் இதற்கு மாறானவை. அமிகாவிற் கார்ல் சசன்ராத் அமைத்த கருநிரல், குறித்த நேரம் கழிந்ததும் ஓடும் நிரலை நிறுத்தி, அடுத்ததற்கு இடமளித்தது. 256 கிலோபைற்று நினைவகத்தில் இது அரிய சாதனையே. முறை செம்மையாயிற்று, வரம்போ இல்லை. எந்நிரலும் எந்நிரலின் நினைவகத்திலும் எழுதலாம். ஒன்றின் பிழை மற்றொன்றைக் கெடுக்க, கரிய திரையிற் செந்நிறக் கட்டத்துள் 'குரு மெடிற்றேசன்' என்னும் அறிவிப்புத் தோன்றும். 'குருவின் தியானம்' என்பது அதன் பொருள். பெயர் நகைப்பைத் தரினும், சேமியாது விட்ட இராமுழுதுழைப்பு அக்கணமே அழிந்தொழியும்.

இக்குறை அறியாமையால் வந்ததன்று. நினைவகக் காவல் பெருங்கணனிகளில் முன்னரே இருந்தது. மோட்டறோலா 68000 செயலிக்கோ அக்காவலைத் தனிச் சில்லாலேயே சேர்த்தல் வேண்டும். வீட்டுக் கணனியின் விலை அதனைத் தாங்காது. அன்றியும், நிரல்கள் தம்முள் விடுத்த செய்திகளைப் படியெடாது, அவை இருக்கும் நினைவக முகவரியை மாத்திரம் கொடுத்தன. அமிகாவின் விரைவுக்குக் காரணமான இவ்வமைப்பே பின்னர் வரம்பு கட்டுதற்குத் தடையுமாயிற்று. கட்டின் பழைய நிரல்கள் பல இயங்கா.

1985 இல் வந்த இன்ரெல் 80386 செயலி வரம்புக்கான உறுப்பைத் தன்னுள்ளேயே கொண்டது. எனினும் விண்டோஸ் எக்ஸ்பி, மக் ஓ.எஸ். எக்ஸ் ஆகியவற்றால் 2001 இலேயே முறையும் வரம்பும் ஒருங்கே வீடுகளிற் பரவலாயின.

ஆகவே, முதற் கணனிகள் உறுதியற்றவை என்று பொதுவாகக் கூறுதல் பொருந்தாது. சில முறையின்றி நின்றன. சில வரம்பின்றி விழுந்தன. இரண்டும் கூடியபோதே விளைவு காக்கப்பட்டது. இதனை உழவர் நெடுங்காலமாக அறிவர்.