ஆற்றுப்படை முதல் எடுப்புச் சோறு வரை

காரைக்குடிக்கு மேற்கே, திருப்பத்தூர் செல்லும் சாலையில், சண்முகநாதப் பெருமான் குன்றின்மேல் கோயில் கொண்டிருக்கும் ஊர் குன்றக்குடி. தைப்பூசத்தையொட்டிப் பழனிக்கு நடந்து செல்லும் நகரத்தார் காவடிகள் ஆண்டுதோறும் இவ்வூரில் கூடி, இங்கிருந்தே புறப்படுகின்றன. சுற்றிலும் செம்மண்ணும் கண்மாயும் கொண்ட வானம் பார்த்த பூமி இது. கடலோ ஒரு நாள் நடைக்கும் அப்பால் உள்ளது.

எனினும் இந்நிலத்து வணிக மக்களின் நினைவு கடற்கரையில்தான் தொடங்குகிறது. தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாடு வந்தனர் என்பது நகரத்தாரிடையே வழங்கும் மரபுச் செய்தி. பதினேழாம் நூற்றாண்டில் அவர்களுக்குப் பழனியோடு உறவு ஏற்படுத்தியது உப்பு வணிகம் என்பர். பின்னர் இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என அவர்கள் சென்று தங்கிய ஊர்கள் பலவும் துறைமுகங்களே. ஆகவே, அயலூர்க் கடற்கரையில் வீடின்றித் தங்குபவனுக்குச் சோறு எங்கே கிடைக்கும் என்ற கேள்வி, கடல் காணாத இந்த மண்ணுக்கும் உரிய கேள்வியாகும். தமிழர் வரலாறு அதற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை தந்திருக்கிறது. அவ்விடைகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. சோறு கொடுத்த கொடையாளர் பெயர் நிற்கிறது. சோற்றை ஆக்கியவர், சுமந்து வந்தவர் பெயர் நிற்பதில்லை.

நெய்தல் நிலத்து விருந்து

வழிச்செல்வோனுக்கு உணவு கிடைக்கும் இடம் சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி தமிழ். பரிசு பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. அவ்வழி நெடுகிலும் எந்த நிலத்தில் யார் என்ன உணவு தருவர் என்ற செய்தியும் அதில் அடங்கும்.

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணன் முதலில் காண்பது எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊர். அறிஞர் பலர் இதனை இன்றைய மரக்காணத்தோடு இணைத்துக் காண்பர். அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், படுத்துறங்கும் ஒட்டகங்கள்போல் அக்கரையில் கிடக்கின்றன. அவற்றை விறகாக்கி நுளைமகள் காய்ச்சி அரித்த தேறலைப் பரதவர் பாணனுக்கு ஊட்டுகின்றனர். சுட்ட உலர் குழல்மீனும் அவனுக்குக் கிடைக்கிறது. அடுத்து, வேலூரில் எயினர் குடியில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் பெறலாம். மருத நிலத்து ஆமூரில் சோற்றோடு நண்டுக் கறியும் உண்டு. இவற்றுக்குப் பின்னரே மன்னன் அரண்மனை வருகிறது.

ஆற்றுப்படை மன்னனைப் புகழும் பாட்டு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுதல் வழக்கம். ஆனால் மன்னனைக் காணும் வரை பாணன் குடும்பத்தை உயிரோடு வைத்திருந்தோர் நுளையரும் எயினரும் உழவருமே. அவர்கள் பரிசில் பாட்டை எதிர்பார்க்கவில்லை. தங்களிடம் இருந்ததைப் பகிர்ந்தனர். நல்லியக்கோடன் பெயர் இரண்டாயிரம் ஆண்டுக்குச் சற்றுக் குறைய நிலைத்திருக்கிறது. தேறல் காய்ச்சிய நுளைமகளுக்குப் பாட்டில் இடம் உண்டு, பெயர் இல்லை.

பட்டினத்துக் கஞ்சியும் தீவின் பாத்திரமும்

சிற்றூரில் வீட்டுக்கு வீடு கிடைத்த உணவு, பெருநகரில் அறச்சாலை உணவாகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில், சோறு வடித்த கஞ்சி ஆறுபோல் தெருவில் ஓடுகிறது. எருதுகள் அதில் பொருதலால் அது சேறாகிறது. தேர்கள் ஓட அச்சேறு புழுதியாகி, வெண்சுதை மாடங்களின்மேல் படிகிறது. உயர்வுநவிற்சிதான் என்றாலும், பல நாட்டு வணிகரும் மாலுமிகளும் வந்து தங்கிய துறைமுகத்துக்குப் பொதுச் சமையற்கூடம் இன்றியமையாதது என்ற உண்மை அதனுள் இருக்கிறது.

அதே பட்டினத்தைக் களமாகக் கொண்ட மணிமேகலை, இக்கேள்வியை மறுபுறம் திருப்பிப் பார்க்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை ஏந்திய ஆபுத்திரன், பஞ்சத்தால் உயிர்கள் மடியும் சாவகத்துக்குக் கலம் ஏறுகிறான். இடையில் கலம் மணிபல்லவத்தீவில் தங்க, அவன் இறங்குகிறான். அவன் இறங்கியதறியாமல் கலம் போய்விடுகிறது. கையில் தீராத சோறு. உண்பதற்கு ஓர் ஆளும் இல்லை. தன் வயிற்றை மட்டும் நிரப்ப மனமின்றிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். உணவில்லாத விருந்தினனின் துயரை ஆற்றுப்படைகள் பாடின. விருந்தினன் இல்லாத உணவின் துயரைப் பாடியது சாத்தனாரின் காப்பியம்.

பொதிசோறு

ஓரிடம் சென்று உண்பது ஒன்று; உணவை இருக்கும் இடத்துக்குக் கொண்டு வருவது மற்றொன்று. பின்னதற்கும் தமிழில் பழஞ்சொற்கள் பல உண்டு. வழியில் உண்ணும் உணவை ஆற்றுணா என்கிறது பழமொழி நானூறு. பொதிசோறு, கட்டமுது, கட்டுச்சோறு என்பன பின்னர் வழங்கியவை.

பெரியபுராணத்தில் இவ்வுணவைச் சுமந்து வருபவர் இறைவரே. பைஞ்ஞீலிக்கு நடந்த களைப்பில் பசியால் வாடிய திருநாவுக்கரசருக்குப் பொதிசோறு கொண்டு காத்திருந்தார். சீகாழிக்கு அண்மையிலுள்ள குருகாவூர் வழியில் சுந்தரருக்கும் அடியார்க்கும் பந்தர் அமைத்து நீரும் பொதிசோறும் தந்தார். திருக்கச்சூரில் ஒருபடி மேலே சென்று, உச்சிவெயிலில் ஓட்டை ஏந்தி வீடுதோறும் இரந்து, பெற்ற சோற்றைச் சுந்தரருக்குக் கொண்டு வந்து கொடுத்தார். சோறு சுமக்கும் வேலைக்குத் தமிழில் கிடைத்த மிக உயர்ந்த மதிப்பு இதுவே எனலாம். இலக்கியம் தந்த அம்மதிப்பைச் சமுதாயம் அவ்வேலையைச் செய்தோர்க்குத் தந்ததா என்பது வேறு கேள்வி.

சேதுப் பாதைச் சத்திரங்கள்

இடைக்காலத்துக்குப் பின் கடற்கரை நோக்கிய பெருவழி இராமேசுவரப் பாதையாகும். அதில் தஞ்சை மராட்டியர் நிறுவிய சத்திரங்கள் பல. இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முக்தாம்பாள் பெயரால் ஒரத்தநாட்டில் கட்டிய சத்திரம் 1802இல் எழுந்தது.

சத்திர நிலங்களைக் காக்க வேண்டி, 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்குச் சரபோஜி எழுதிய மடல் ஓர் அரிய ஆவணம். பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு அளிக்கப்பட்டதாகவும், சமைத்த சோற்றை ஏற்காதோர்க்கு அரிசியும் கறிச்சரக்கும் கொடுக்கப்பட்டதாகவும் அது கூறுகிறது. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதோர் வருக என்று அழைப்பார்களாம். நோயுற்றோர்க்கு மருத்துவமும், குழந்தைகளுக்குப் பாலும் இருந்தன. வாங்கிச் சென்று தாமே ஆக்கி உண்ணும் உரிமையையும், நேரம் தவறி வந்தவனின் பசியையும் ஒருங்கே நினைத்த ஏற்பாடு அது. எல்லாருக்கும் சோறு என்பது எல்லாரும் ஒரே பந்தியில் என்பதாகாது என்பதையும் மறத்தல் கூடாது.

நகரத்தாரும் இவ்வறத்தில் முன்னின்றனர். 1863இல் காசியில் அவர்கள் நிறுவிய சத்திரமும், இராமேசுவரத்து விடுதியும் குறிப்பிடத்தக்கவை. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகச் செல்லும் காவடிப் பயணத்திலும் தங்குமிடந்தோறும் அன்னதானம் நடைபெறுகிறது.

கிட்டங்கிச் சமையல்

செட்டிநாட்டார் கடல் கடந்து தொழில் செய்யச் செல்வதைக் கொண்டுவிற்கப் போதல் என்பர். 1930ஆம் ஆண்டு வாக்கில் பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. இரங்கூனில் மொகல் தெருவும், சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவும், கொழும்பில் கடலோரச் செட்டியார் தெருவும் அவர்கள் வாழ்ந்த இடங்கள்.

அங்கே அவர்களுக்குக் கடையும் வீடும் உணவகமும் கிட்டங்கி ஒன்றே. நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் சிறிது இடம். ஒரு சாய்வுப் பெட்டி, ஓர் அலமாரி, ஒரு பாய். பகலில் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் உறங்கினர். தொடக்க காலத்தில் பெண்டிர் உடன் செல்லும் வழக்கம் இல்லை. ஏஜண்டு, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையில் கடைசியாக ஊரிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர் சமையலாள். மூன்றாண்டுக் கணக்கு முடியும் வரை ஊர்ச்சுவையை நாவில் காத்தவர் அவர். அவர் கைக்கு ஊரிலிருந்து வற்றலும் வடகமும் ஊறுகாயும் சென்றன.

தொழில் செய்தோர் ஈட்டிய பொருள் காரைக்குடி வட்டாரத்தில் மாளிகையாயிற்று, பள்ளியாயிற்று, கோயில் திருப்பணியாயிற்று. பர்மாவின் கரிய கவுனி அரிசி செட்டிநாட்டு விருந்தில் இனிப்பாக நிலைபெற்றது. வெளிநாட்டு எனாமல் தூக்குகளும் அடுக்குப் பாத்திரங்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இன்றும் விலைபோகின்றன. கிட்டங்கி அடுப்பின் முன் நின்றவரின் வாழ்வை எழுதிய ஏடு அரிது.

கிளப்பும் பந்தியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில் நிலையங்களிலும் நகரங்களிலும் காபி கிளப்புகள் தோன்றின. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் சேது யாத்திரை நடையிலிருந்து இரயிலுக்கு மாறியது. காசு கொடுத்தால் சோறு என்பது புதிய விடை. ஆனால் காசும் சாதியைக் கடக்கவில்லை. பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்க்குத் தனி இடம் என்ற பிரிவு அங்கும் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் பலவிடங்களில் உள்ளேயே நுழைய முடியவில்லை.

இதற்கு எதிரான போராட்டம் தமிழக வரலாற்றின் முக்கியமான பக்கம். 1924-25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் எழுந்த தனிப்பந்திச் சிக்கல் நாடெங்கும் கிளர்ச்சியாயிற்று. பெரியார் தொடர்ந்து எழுப்பிய குரலின் விளைவாக, 1941இல் இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த சாதிப் பிரிவு நீக்கப்பட்டது. உணவகப் பெயர்ப்பலகைகளில் இருந்த சாதிச் சொல்லை எதிர்த்து 1957இல் சென்னையில் நெடுநாள் மறியல் நடந்தது. நுளைமகள் கையால் பாணன் உண்ட நாட்டில், யார் ஆக்கியதை யார் உண்பது என்பதற்காக இத்தனை போராட வேண்டியிருந்தது.

குன்றக்குடி அடிகளார் இச்சிக்கலை வேறொரு முனையிலிருந்து அணுகினார். மடத்தை மக்கள் பணிக்குத் திறந்துவிட்ட அவர், 1977இல் தொடங்கிய குன்றக்குடிக் கிராமத் திட்டத்தின் வழியே ஊரார்க்குத் தொழில் தர முயன்றார். இட்ட சோற்றை உண்பவனாக அன்றி, உழைத்து உண்பவனாக மனிதனை நிறுத்துவதே அதன் நோக்கம்.

மீண்டும் கடற்கரை

1960களில் பர்மாவிலிருந்து உடைமை இழந்து திரும்பிய தமிழர் பலர் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தின் அருகே அத்தோவும் மொகிங்காவும் விற்றுப் பிழைத்தனர். ஒரு காலத்தில் தமிழரைப் பர்மாவுக்கு ஈர்த்த கடல், பர்மியர் உணவைத் தமிழ்நாட்டுத் தெருவுக்குக் கொணர்ந்தது. அதுவும் நின்றுகொண்டே உண்ணும், அல்லது கட்டிக்கொண்டு போகும் உணவு. மெஸ்களின் வாசலில் எடுப்புச் சாப்பாடு என்று எழுதித் தொங்கும் பலகை, கட்டுச்சோற்றின் இற்றைநாள் வழித்தோன்றல்.

1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு, 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் பயணிகள் பெருகினர். அங்கே ஓலைக் கொட்டகைகளில் மீனவப் பெண்கள் அன்றைய மீனைப் பொரித்துச் சோற்றோடு தருகின்றனர். எயிற்பட்டினத்துப் பாணனுக்குக் கிடைத்ததும் ஏறத்தாழ இதுவே. இடையில் விலை ஒன்று மட்டும் சேர்ந்திருக்கிறது. நகரங்களிலோ கைபேசியில் கேட்ட உணவை இருசக்கர வண்டியில் இளைஞர் கொண்டு வருகின்றனர். கதவு திறக்கிறது, பொட்டலம் கைமாறுகிறது, கதவு மூடுகிறது. கொண்டு வந்தவர் உண்டாரா என்று கேட்கும் வழக்கம் இன்னும் ஏற்படவில்லை.

ஆற்றுப்படை பாடிய புலவர்கள் அரசவைக்குச் செல்லும் அவசரத்திலும் கடற்கரைக் குடிசையில் தங்கி, அங்கே அடுப்பெரித்த விறகு எது, சுட்ட மீன் எது என்று பார்த்தனர். அந்தப் பார்வையே அப்பாடல்களை வரலாற்றுச் சான்றாக்கியது. சத்திரத்து மடைப்பள்ளியார், கிட்டங்கிச் சமையலாள், தனுஷ்கோடிக் கொட்டகைப் பெண், பொட்டலம் சுமக்கும் இளைஞர் ஆகியோர் அத்தகைய பார்வைக்குக் காத்திருக்கின்றனர். கல்வெட்டில் இடம் பெறாதவர்க்குக் கவிதையில் இடம் கிடைத்தல் இயலும். இவ்வூரின் கவிஞர்கள் அதனைச் செய்வார்களாயின், ஆற்றுப்படை மரபுக்கு அது தக்க தொடர்ச்சியாக அமையும்.