போல்ட்டன் பட்டறையின் மூன்றாம் தலைமுறை

இங்கிலாந்தின் பஞ்சாலை நகரமான போல்ட்டனில் 1881-இல் பிறந்தவர் ஜோசப் வில்லியம் ஃபாஸ்டர். ஓட்டத்தில் அளவற்ற ஆசை கொண்ட அவர், ஓடும்போது கால் வழுக்காமல் மண்ணைப் பற்ற வேண்டும் என்பதற்காக, 1895 வாக்கில் தம் ஷூவின் அடிப்பாகத்தில் ஆணிகளைப் பதித்தார். அவர் ஓட்டத்தைப் பார்த்தவர்கள் தங்களுக்கும் அதுபோல் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். வீட்டுக் கைவேலை 1900-இல் தொழிலாயிற்று.

1904-இல் ஆல்ஃபிரட் ஷ்ரப் கிளாஸ்கோவில் உலக சாதனைகளை முறியடித்தபோது அவர் காலில் இருந்தது ஃபாஸ்டர் ஷூ. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் தங்கம் வென்ற ஹரால்டு ஆபிரகாம்ஸ், 400 மீட்டரில் தங்கம் வென்ற எரிக் லிடெல் இருவரும் அந்தப் பட்டறையின் ஷூக்களை அணிந்தவர்களே. வீரரின் கால் அளவு கேட்டு, கையால் வெட்டித் தைத்துக் கொடுப்பதுதான் பட்டறையின் வழக்கம்.

நிறுவனர் 1933-இல் காலமானார். இரண்டு ஆண்டு கழித்து, அவருடைய பிறந்த நாளான மே 18 அன்று பேரன் பிறந்தான். தாத்தாவின் பெயரையே வைத்தார்கள்: ஜோ ஃபாஸ்டர்.

பேரனும் அண்ணன் ஜெஃபும் ராணுவ சேவை முடித்துத் திரும்பியபோது பட்டறையின் நிலை கவலைக்குரியதாக இருந்தது. தந்தைக்கும் அவருடைய சகோதரருக்கும் முகம்கொடுத்துப் பேச்சில்லை. ஜெர்மனியில் டாஸ்லர் சகோதரர்கள் பிரிந்து வளர்த்த அடிடாஸும் பூமாவும் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன. இங்கோ புதிய மாடலும் இல்லை, புதிய இயந்திரமும் இல்லை. அண்ணன் தம்பி இருவரும் தொழிற்கல்லூரியில் காலணித் தயாரிப்பு படித்துவிட்டு, மாற்றங்கள் வேண்டும் என்று பெரியவர்களிடம் மன்றாடினார்கள். பலன் இல்லை.

1958-இல் இருவரும் குடும்பப் பட்டறையை விட்டு வெளியேறி, பக்கத்து ஊரான பெரியில் பழைய மதுவடிப்பாலைக் கட்டடம் ஒன்றில் ‘மெர்குரி’ என்ற பெயரில் தொழில் தொடங்கினார்கள். அந்தப் பெயரைப் பதிவுசெய்ய இயலாமல் போகவே, 1960-இல் ‘ரீபாக்’ என்று மாற்றினார்கள். சிறுவயதில் ஓட்டப் பந்தயப் பரிசாகக் கிடைத்த அகராதியிலிருந்து ஜோ தேர்ந்தெடுத்த ஆப்பிரிக்க மான் ஒன்றின் பெயர் அது.

பெயர் கிடைத்த வேகத்தில் சந்தை கிடைக்கவில்லை. அமெரிக்காவில் விநியோகஸ்தர் தேடிப் பத்தாண்டுக்கும் மேல் கண்காட்சிகளுக்கு அலைந்தார் ஜோ. 1979-இல் சிகாகோ கண்காட்சியில் பால் ஃபயர்மேன் உரிமம் பெற முன்வந்தார். அதே ஆண்டு ‘ரன்னர்ஸ் வேர்ல்ட்’ இதழ் ரீபாக்கின் ‘ஆஸ்டெக்’ ஷூவுக்கு ஐந்து நட்சத்திரம் வழங்கியது. கடைகள் தாமாகக் கேட்டு வந்தன. ஆனால் அந்த மகிழ்ச்சியை நெடுநாள் பகிர்ந்துகொள்ள ஜெஃப் இல்லை. 1980-இல் அவர் இறந்தார். தொழிற்கூடத்தைத் தாங்கி நின்ற அவர் இல்லாவிட்டால் தம்பி ஊர் ஊராக அலைந்திருக்க முடியாது. ரீபாக்கின் வரலாற்றை எழுதும் எவரும் இந்த அண்ணனை மறக்கலாகாது.

1982-இல் ஏரோபிக்ஸ் செய்யும் பெண்களுக்கென்றே மென்தோலில் வந்த ‘ஃபிரீஸ்டைல்’ நிறுவனத்தை உச்சியில் ஏற்றியது. விளையாட்டு ஷூ என்றால் ஆண்களுக்கே என்றிருந்த கடைகளில் பெண்கள் கூட்டம் நிறைந்தது. 1980-களின் நடுவில் அமெரிக்காவில் நைக்கியையே முந்தியது ரீபாக். அதற்குள், 1984-இல் பிரிட்டிஷ் நிறுவனம் ஃபயர்மேன் தரப்பின் கைக்குப் போயிற்று. 2006-இல் அடிடாஸும், 2022-இல் வேறொரு அமெரிக்க நிறுவனமும் ரீபாக்கை வாங்கின.

ஜோவுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன: பெரியவர்களின் மௌனத்துக்குள் தானும் அமர்ந்து, பட்டறை தேய்வதைப் பார்ப்பது, அல்லது மனம் நொந்து வேறு வேலைக்குப் போவது. இரண்டையும் விட்டு, தாத்தாவின் தொழிலை வேறு கூரையின் கீழ் தொடர்ந்தார். ஓடுகிறவரின் தேவையைக் கேட்டுத் தைப்பது என்ற பழைய ஒழுக்கமே ஆஸ்டெக்கிலும் ஃபிரீஸ்டைலிலும் வேலை செய்தது. குடும்பத் தொழிலில் கால்வைக்கும் இளைஞர்கள் இவரிடம் கற்க வேண்டியது அதுவே. பெரியவர்களும் கற்கலாம்: பிள்ளைகள் மாற்றம் கேட்கும்போதே காது கொடுத்திருந்தால், போல்ட்டன் பட்டறையே ரீபாக்காக வளர்ந்திருக்கக்கூடும்.