எல்லைச் சோதனை: திறத்தலும் வாசித்தலும்

முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டிலே, கொழும்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஈ. டபிள்யூ. பெரேரா என்னும் அப்புக்காத்து, தமது சப்பாத்தின் அடித்தோலுக்குள் ஒரு பத்திரத்தை மறைத்துக் கொண்டுபோனார் என்பர். இலங்கைச் சரித்திரத்தை மேலோட்டமாகப் பயின்றோரும் இக்கதையை அறிவர். அப்பத்திரம் யாது என்பதிலே கூற்றுகள் வேறுபடுகின்றன. இலண்டனில் உள்ள மந்திரிக்கு எழுதப்பட்ட விண்ணப்பம் என்பார் சிலர். கண்டவிடத்துச் சுடுமாறு பிறந்த கட்டளையின் பிரதி என்பார் வேறு சிலர். எதுவாயினும் ஆகுக. சட்டம் பயின்ற ஒருவர், குற்றம் எதுவும் செய்யாதவர், ஒரு கடுதாசித் துண்டைக் காலின்கீழ் வைத்துக் கடல் கடக்கவேண்டிய நிலை ஏன் வந்தது?

அவ்வாண்டு மே மாதம் 28ஆந் திகதி, வெசாக் இரவிலே, கண்டியில் சிங்களருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலகம் சில நாளிற் கொழும்பை எட்டியது. முஸ்லிம் மக்கள் உயிரும் உடைமையும் இழந்தனர். அதனை அடக்குவது அரசின் கடனேயாம். ஆனால் ஜூன் 2ஆந் திகதி தேசாதிபதி சேர் றொபேட் சால்மேர்ஸ் பிரகடனஞ் செய்த இராணுவச் சட்டம், கலகம் அடங்கிய பின்னும் ஓகஸ்ட் 30ஆந் திகதிவரை அடங்கவில்லை. டி. எஸ். சேனாநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா முதலிய பிரமுகர் சிறைப்பட்டனர். எட்வேர்ட் ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் ஜூலை 7ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். தபாலிற் செல்லும் கடிதங்கள் தணிக்கைக்கு உட்பட்டன. நாட்டில் நடந்ததை இலண்டன் அறியவேண்டுமாயின், எவரேனும் அதனைக் கையிற் கொண்டுபோதல் வேண்டும்.

சட்ட நிரூபண சபையிலே இக்கொடுமைகளை எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். கொட்டாஞ்சேனைக்கு அயலில், கொச்சிக்கடையிலே, தந்தையார் தொடங்கிய பொன்னம்பலவாணேசுவரத்தைக் கருங்கல்லாற் புதுக்கியவரும் அவரே. அவருடைய சபைப் பேச்சுகள் 1916ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளிவந்தன. சிங்களத் தலைவர்கள் அவரைப் போற்றினர். முஸ்லிம் மக்களோ அப்பேச்சுகளிலே தமது துயர் உரிய இடம் பெறவில்லை என்று மனம் நொந்தனர். இரண்டையும் சொல்லுதலே நடுநிலைமை.

இனி, துறைமுகத்திலே பெரேராவைச் சோதித்திருக்கக்கூடிய சட்டத்தை நோக்குவோம். இலங்கையின் சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டு 17ஆம் இலக்கத்தது. அதன் நோக்கம் பண்டம். சாராயமும் புகையிலையும் பட்டும் பொன்னும் தீர்வை செலுத்தாமற் கரையேறாதிருக்கவேண்டும் என்பதே அச்சட்டம் இயற்றியோரின் கவலை. அதே மரபிற் பிறந்த இந்தியக் கடற்சுங்கச் சட்டம் 1878ஆம் ஆண்டினது. அச்சட்டத்திலே ஒரு கண்ணியம் உண்டு. உத்தியோகத்தன் ஒரு பிரயாணியின் உடலைச் சோதிக்க முற்பட்டால், ‘முதலில் என்னை நீதவானிடமோ சுங்கத் தலைமை அதிகாரியிடமோ கொண்டுசெல்க’ என்று கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. தக்க காரணம் இல்லையென அவர் கண்டால் உடனே விடுவிக்கவேண்டும். பெண்ணைப் பெண்ணேயன்றி வேறெவரும் சோதித்தல் ஆகாது. உடலுக்கு ஒரு மானம் உண்டென்பதை அக்காலத்துச் சுங்கச் சட்டமே ஒப்புக்கொண்டது என்க.

பெட்டிக்குள் இருந்த கடிதக் கட்டுக்கோ அத்தகைய காவல் வகுக்கப்படவில்லை. இதிலே ஒரு விந்தையைக் காணலாம். 1898ஆம் ஆண்டின் இந்தியத் தபாற் சட்டத்தின்படி, தபாலில் இட்ட கடிதத்தை அரசு இடைமறிக்க விரும்பினால், பொது நெருக்கடி முதலிய காரணங்காட்டி முறையான கட்டளை பிறப்பிக்கவேண்டும். அதே சட்டம், பிரயாணஞ் செய்யும் நண்பன் கூலி பெறாமல் நம் கடிதத்தைக் கையிற் கொண்டுபோவதையும் அனுமதித்தது. நம்மவர் ‘கைக்கடிதம்’ என்று வழங்கியது இதனையே. தபாற் பையில் ஒரு காவலைப் பெற்றிருந்த அக்கடிதம், நண்பனின் பெட்டியில் ஏறிச் சுங்க மேசையை அடைந்தவுடன் வெறுஞ் சாமானாகிவிட்டது! முத்திரை ஒட்டிய காகிதத்துக்கு இருந்த மதிப்பு, நண்பனை நம்பிக் கொடுத்த காகிதத்துக்கு இல்லை.

ஆயினும் பெரும்பாலும் தீங்கு நேராது போயிற்று. காரணம், உத்தியோகத்தர் திறந்தனரேயன்றி வாசித்தாரல்லர். 1914ஆம் ஆண்டிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியதுமுதல், சென்னையிற் புறப்பட்டவர் அக்கடலைத் தாண்டி மீண்டும் ரெயிலேறிக் கொழும்புக் கோட்டையில் வந்திறங்கினர். அவர்தம் தகரப் பெட்டிகள் வழியிலே திறக்கப்பட்டன. புடவை மடிப்பிலே கைவிட்டுத் துழாவிய உத்தியோகத்தன், அடியிற் கிடந்த கடிதக் கட்டைத் தூக்கி அப்பால் வைத்தான். செட்டியார் தெருவுக்கு வந்த வணிகனின் கணக்கேட்டைப் புரட்டி, அதனுள் உண்டியற் சீட்டின் விவரங்களை ஆராயவேண்டுமாயின், அவனுக்கு ஒரு நாள் முழுதும் வேண்டும், தமிழெண்ணும் தெரிந்திருக்கவேண்டும். நேரமின்மையும் அறியாமையும் நம் முன்னோரின் அந்தரங்கத்துக்கு வேலியாயிருந்தன. சட்டம் கட்டிய வேலியன்று அது.

மேலும், எல்லோரையும் ஒரே கண்ணால் எல்லை நோக்கியதுமில்லை. தோட்டத் தொழிலுக்கென வந்த ஏழை மக்களிடம் வாசிப்பதற்குக் கடிதமே இல்லை. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலே அவர்களுக்குத் தகரச் சீட்டு வழங்கும் முறை ஏற்பட்டது. எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்டும் இலக்கம் அதிலே பொறிக்கப்பட்டிருந்தது. மண்டபம் முகாமிலே அவர்களை நாட்கணக்கில் நிறுத்திவைத்து நோய் உண்டோவென்று பார்த்தனர். கனவான் மேல்வகுப்பிலே சுருட்டுப் பிடித்தபடி அதே கடலைத் தாண்டினார். சோதனை யாருக்கு, எவ்வளவு என்பதை அன்றும் ஆளைப் பார்த்தே தீர்மானித்தனர்.

சுதந்திரத்துக்குப் பின்னர் 1948ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் குடிவரவையும் குடியகல்வையும் ஒழுங்குபடுத்தியது. சேதுக்கடல் ஓர் உள்வீதிபோல இருந்த காலம் முடிந்து, கடவுச்சீட்டும் விசாவும் வேண்டியதாயின. 1964ஆம் ஆண்டு டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்தப் பழைய வழியே பாழாயிற்று. அதன்பின் வந்த போர்க்காலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்தோர் அதனை மறந்திரார். எல்லையானது கடற்கரையை விட்டு நகரத்துக்குள்ளே குடிவந்துவிட்டது. வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளிலே தங்கியவர், தாம் கொழும்பில் இருப்பதற்குக் காரணங் காட்டவேண்டியிருந்தது. வைத்தியரின் துண்டு, விசா நேர்முகத்துக்கு வந்த கடிதம், வெளிநாட்டிலுள்ள மகன் எழுதியது என, முன்னர் எவரும் வாசிக்காத காகிதங்களே இப்போது வாசிக்கப்படவேண்டிய சான்றுகள் ஆயின. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி விடியற்காலையிலே, லொட்ஜுகளில் இருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்து அதனைத் தடுத்தது; பிரதம மந்திரி இரத்தினசிறி விக்கிரமநாயக்கா பின்னர் வருத்தந் தெரிவித்தார்.

இப்பொழுது கைத்தொலைபேசிக்கு வருவோம். கட்டுநாயக்காவில் இறங்கும் பிரயாணியின் சட்டைப்பையில் இருக்கும் அச்சிறு கருவியிலே, தகரப் பெட்டியில் இருந்த கடிதக் கட்டு மட்டுமன்று, வணிகனின் கணக்கேடு, வைத்தியரின் துண்டு, குடும்பப் படங்கள், சென்ற இடங்களின் குறிப்பு, பிறர் நம்பி எழுதிய அந்தரங்கங்கள் யாவும் அடங்கியுள்ளன. இதனைப் பெரிய பெட்டி என்று சொல்லி அமைதல் போதாது. பெட்டியை வாசியாமல் திறக்கலாம்; தொலைபேசியைத் திறப்பதே வாசிப்பது. துழாவும் கை, கடிதத்தை அப்பால் வைக்க இதிலே இடமில்லை. நேரமின்மை என்னும் பழைய வேலியும் சாய்ந்துவிட்டது. சில நிமிடத்திலே முழுவதையும் பிரதிசெய்து வைத்து, ஆறுதலாக ஆராயலாம். மொழி தெரியாமையும் இனித் தடையாகாது.

திறத்தலுக்கும் வாசித்தலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டவாணர் அறியாதவரல்லர். தாய்லாந்திலிருந்து கடித உறைகளில் ஹெரோயின் வந்த ராம்சே வழக்கிலே, 1977ஆம் ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம், சுங்கத்தார் பிடியாணையின்றி உறையைத் திறக்கலாம் எனத் தீர்த்தது. அவ்வாறு தீர்த்தபோதும், உள்ளிருக்கும் கடிதத்தை நீதிமன்ற ஆணையின்றி வாசித்தலாகாது என்று அந்நாட்டு விதிகள் தடுத்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. 2014ஆம் ஆண்டில் றைலி வழக்கிலே அதே நீதிமன்றம் ஒருமனதாக மேலும் ஒருபடி சென்றது: கைதுசெய்த ஒருவனின் தொலைபேசியையும் பொலிஸார் ஆணையின்றி ஆராயலாகாது. ஆனால் நாட்டின் வாயிலிலே அக்காவல் தேய்ந்துபோகிறது. 2021ஆம் ஆண்டில் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, எல்லையில் உத்தியோகத்தர் கையாற் புரட்டிப் பார்ப்பதற்குச் சந்தேகமே வேண்டியதில்லை என்றது. கைக்கடிதத்துக்கு நேர்ந்த அதே கதி!

வெள்ளவத்தையில் உறவினரைக் கண்டு இலண்டன் திரும்புபவர் ஹீத்ரோவில் எதிர்ப்படக்கூடிய சட்டம் இதனினும் கடுமையானது. பிரித்தானியாவின் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, சந்தேகம் இல்லாமலே ஒருவரை 6 மணி நேரம்வரை மறித்து விசாரிக்கவும், கருவியை 7 நாள் வைத்திருக்கவும் இடந்தருகிறது. கேட்டதைக் கொடாமை குற்றமாகும். 2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் டேவிட் மிரண்டா என்பவர், பத்திரிகையாளருக்குரிய இரகசிய ஆவணங்களோடு அவ்வழியே சென்றபோது, அன்றிருந்த உச்ச எல்லையாகிய 9 மணி நேரமும் மறிக்கப்பட்டார். 2016ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம், பத்திரிகையாளரின் ஆவணங்களுக்கு அவ்வட்டவணையிலே போதிய காவல் இல்லையென்று கூறியது. பெரேராவின் சப்பாத்தை எண்ணிப் பார்க்கும் நமக்கு இவ்வழக்கு அந்நியமாகத் தோன்றாது. கனடாவிலோ 2020ஆம் ஆண்டில் அல்பேர்ட்டா மேன்முறையீட்டு நீதிமன்றம், கருவிகளைச் சாமான்போல வரம்பின்றிச் சோதிப்பது அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாது எனக் கான்பீல்ட் வழக்கிலே தீர்த்தது. ரொறன்ரோவுக்குப் போய்வரும் நம்மவர் கவனிக்கத்தக்க தீர்ப்பு அது.

நமது நாட்டில் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அவசர நிலை நீங்கலாக, கணினியைச் சோதிக்க நீதவானின் பிடியாணையை வேண்டுகிறது. பண்டங்களுக்கென 1869இலே எழுதப்பட்டுப் பலமுறை திருத்தப்பெற்ற சுங்கச் சட்டத்தையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வீட்டு மேசைமேல் இருக்கும் கருவிக்கு உள்ள மதிப்பு, அதைக் கையில் ஏந்தி விமானத்திலிருந்து இறங்குபவனிடத்தும் மாறாதிருக்கவேண்டும் எனக் கேட்பது மிகையாகாது. போதைப்பொருளும் பொன்னும் கடத்துவோரைப் பிடிக்க வேண்டாமோ என்பர். பிடிக்கவேண்டும், பெட்டியைத் திறக்கட்டும், உறையை உதறட்டும். வாசிக்க விரும்பினால் மட்டும் ஒரு காரணத்தை எழுதிவைத்து வேறொருவரின் இசைவைப் பெறட்டும். நள்ளிரவிலே கட்டுநாயக்காவில் நீதவானை எங்கே தேடுவது என்ற ஆட்சேபமும் எழும். 1878ஆம் ஆண்டின் அந்தப் பழைய சட்டம் அதற்கும் வழிசொல்லியிருந்தது: நீதவான் அல்லது சுங்கத் தலைமை அதிகாரி. அடுத்த அறையிலே விழித்திருக்கும் மேலதிகாரி ஒருவர் காரணத்தைக் கேட்டு, ஆம் என்றோ இல்லை என்றோ எழுதிக் கையொப்பமிடுவதற்குச் சில நிமிடங்கள் போதும்.