துறைமுகமும் ஏலச் சந்தையும்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பீரங்கிகளின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து அதனை ஒல்லாந்தர் பறித்தனர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே சனவரியில் ஆங்கிலேயரும் ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரரும் அதைக் கைப்பற்றினர். 1795இல் மீண்டும் வந்த ஆங்கிலேயர் 1957 வரை அங்கே தம் கடற்படைத் தளத்தை வைத்திருந்தனர். துறைமுகத்தை அடைவதற்கு அந்நிய வல்லரசுகள் ஒன்றோடொன்று மோதிய காலம் அது.

சுதந்திர நாடுகள் பல தோன்றிய பின்னர் போட்டியின் திசை மாறிற்று. இப்போது போட்டியிடுவோர், மூலதனத்தை வரவேற்க வாசலில் நிற்கும் அரசாங்கங்களே. இந்தியா 1965இல் காண்ட்லாவிலும், தைவான் 1966இல் காவோசியுங்கிலும், தென்கொரியா 1970இல் மாசானிலும் ஏற்றுமதி வலயங்களைத் திறந்தன. 1977இல் திறந்த பொருளாதாரத்தை மேற்கொண்ட இலங்கை, மறு ஆண்டே பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழுவை நிறுவி, கட்டுநாயக்காவில் வலயம் அமைத்தது. வரி விடுமுறையும் மலிந்த கூலியுமே இச்சந்தையின் சரக்குகள். அண்டை நாடு ஐந்தாண்டு விலக்களித்தால் நாம் பத்தாண்டு அளிக்க வேண்டும் என்பதே அதன் நியதி. மூலதனம் விரும்பிய கரைக்குக் கப்பலேறலாம். உழவனின் வயலும் மீனவனின் கரையும் எங்கே செல்லும்?

இவ்வினாவின் கூர்மையைக் கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் நன்கறியும். 2006ஆம் ஆண்டுப் போரில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். போர் 2009இல் முடிந்தும் அவர்கள் ஊர் திரும்பவில்லை. 2012இல் அங்குள்ள 818 ஏக்கர் நிலம் முதலீட்டுச் சபையின் விசேட கைத்தொழில் வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மக்கள் அகதி முகாம்களில் இருக்க, அவர்களது மண் முதலீட்டாளருக்குக் காட்டும் பண்டமாயிற்று. தம் நிலத்தை அவர்கள் விடாது கோரினர். ஆட்சி மாறிய பின் 2015இல் அவ்வறிவித்தல் நீக்கப்பட்டு, மீள்குடியேற்றம் தொடங்கிற்று.

வேலைவாய்ப்பு வேண்டாமா என்று கேட்பர். வேண்டும், தொழிற்சாலையும் வேண்டும். ஆனால், விட்டுக்கொடுத்த வரி ஒவ்வொன்றும் எங்கோ ஒரு பாடசாலையின் கூரை, ஒரு மருத்துவமனையின் மருந்து என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். அதுவன்றி, இச்சந்தையில் இறுதி விலை என்று ஒன்று இல்லை. 2021இல் கொழும்புத் துறைமுக நகரச் சட்டம் 40 ஆண்டுகள் வரை வரிவிலக்களிக்க இடந்தந்தது.

அதே 2021இல், பெரும் பன்னாட்டு நிறுவனங்கள் எங்கு இயங்கினும் குறைந்தது 15 சதவீத வரி செலுத்த வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு 130க்கும் மேற்பட்ட நாடுகள் உடன்பட்டன. அது போதுமானதன்று, எனினும், அரசுகள் ஒன்றுகூடினால் ஏலத்துக்கு எல்லை வகுக்கலாம் என்பதை அது காட்டுகிறது. தனித்தனியே கூலி பேசிய தொழிலாளி எதைப் பெற்றான், சங்கமாய்க் கூடியபின் எதைப் பெற்றான் என்பதைத் துறைமுகத் தொழிலாளர் அறிவர். அந்தப் பாடத்தை ஏழை நாடுகளின் அரசாங்கங்கள் இன்னும் படித்து முடிக்கவில்லை.