டர்போ டீசலுக்கு ப்ளோ ஆஃப் வால்வு தேவையா?

டர்போ பொருத்திய பெட்ரோல் ரேஸ் கார் கியர் மாற்றும்போது "புஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கேட்கும். அது ப்ளோ ஆஃப் வால்வின் சத்தம். (லாரி விடும் "புஸ்" வேறு, அது ஏர் பிரேக்!) அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டு டீசல் காரிலும் இந்த வால்வை மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. காசு போவது ஒரு பக்கம். டீசலுக்கு அது தேவையே இல்லை என்பது 1890-களிலேயே முடிவாகிவிட்டது என்பதுதான் வேடிக்கை. அப்போது டர்போ என்ற ஒன்றே கிடையாது.

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பல வருடம் போராடி, 1897-இல் ருடால்ஃப் டீசல் ஒழுங்காக ஓடும் எஞ்சினைக் காட்டினார். எரிபொருளின் சக்தியில் சுமார் 26 சதவீதத்தை அது வேலையாக மாற்றியது. நீராவி எஞ்சின்களின் காலத்தில் இது பெரிய விஷயம். இந்த எஞ்சினில் தீப்பொறி கிடையாது. வெறும் காற்றை இழுத்து, அழுத்திச் சூடாக்கி, அதற்குள் எரிபொருளைச் செலுத்தினால் தானே பற்றிக்கொள்ளும். வேகம் குறைய வேண்டுமா? எரிபொருளைக் குறைத்தால் போதும். காற்று வரும் வழியை அடைக்க வேண்டியதில்லை.

பெட்ரோல் எஞ்சினில் கதை வேறு. ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்ற கணக்கு ரொம்பவும் தவறினால் தீப்பொறியால் சரியாகப் பற்றவைக்க முடியாது. அதனால் பெட்ரோலைக் குறைக்கும்போது காற்றையும் குறைத்தாக வேண்டும். இதற்காகக் காற்றுக் குழாயில் வைத்த தகடுதான் த்ராட்டில்.

டர்போ முதலில் வெற்றி பெற்றது டீசலில்தான். வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதைக் கொண்டு எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கலாம் என்று 1905-இல் காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் பியூஷி என்ற சுவிஸ் எஞ்சினியர். அது உருப்படியாக வேலை செய்யவே இருபது வருடம் ஆனது. 1920-களின் நடுவில் பால்டிக் கடலுக்காகக் கட்டப்பட்ட "ப்ராய்சன்", "ஹான்சஸ்டாட் டான்சிக்" என்ற இரண்டு பயணிகள் கப்பல்களில் டர்போ வந்தபோது, 1,750 குதிரைத்திறன் எஞ்சின் 2,500 தந்தது. த்ராட்டிலே இல்லாத எஞ்சின்கள். ப்ளோ ஆஃப் வால்வு வைக்கவேண்டும் என்று யாரும் யோசித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பெட்ரோல் காருக்கு டர்போ வந்தது 1962-இல், அமெரிக்காவில், ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், ஷெவர்லே கார்வேர் கார்களில். டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே த்ராட்டில் வைக்கும் அமைப்பு பரவியபோதுதான் சிக்கல் பெரிதானது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஓட்டுநர் காலை எடுக்கிறார், தகடு படாரென்று மூடுகிறது. போக வழியில்லாத காற்று திரும்பி வந்து டர்போ சக்கரத்தின் மேலேயே மோதும். இதற்கு சர்ஜ் என்று பெயர். அடிக்கடி நடந்தால் டர்போவின் பேரிங்குக்குக் கேடு. அந்தக் காற்றுக்கு வேறு ஒரு கதவு திறந்துவிடுவதுதான் ப்ளோ ஆஃப் வால்வின் வேலை. தகடு மூடியதும் எஞ்சின் பக்கம் உண்டாகும் வெற்றிடம்தான் அந்தக் கதவை இழுத்துத் திறக்கிறது.

டீசலில் அந்த வெற்றிடம் எங்கே? காலை எடுத்தாலும் காற்று வழி திறந்தே கிடக்கிறது. டர்போ தள்ளும் காற்றை எஞ்சின் விழுங்கிவிடுகிறது. வெற்றிடம் இல்லாததால்தான் டீசல் கார்களில் பிரேக் பூஸ்டருக்கென்று தனியாக வேக்குவம் பம்ப் வைக்கிறார்கள். ஆக, பெட்ரோல் காரின் வால்வைக் கழற்றி டீசலில் மாட்டினால் அது திறக்கவே திறக்காது!

அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள் வியாபாரிகள். மின்சாரத்தில் திறக்கும் "டீசல் கிட்" விற்பனைக்கு வந்தது. சத்தம் வரும், உண்மைதான். ஆனால் சேர்த்துவைத்த அழுத்தம் ஒவ்வொரு முறையும் வெளியே போய்விடும். மறுபடி மிதிக்கும்போது டர்போ முதலிலிருந்து சேர்க்க வேண்டும். வால்வு சரியாக மூடாமல் கசிந்தால், சென்சார் அளந்த காற்று எஞ்சினுக்குப் போய்ச் சேராமல் கரும்புகையும் கூடலாம்.

இன்றைய டீசல் கார்கள் பலவற்றில் த்ராட்டில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது வேகத்தைக் குறைக்க அல்ல. புகையில் ஒரு பகுதியை மறுபடி உள்ளே இழுக்கவும், புகை வடிகட்டியைச் சூடாக்கிச் சுத்தம் செய்யவும், அணைக்கும்போது எஞ்சின் குலுங்காமல் நிற்கவும் வைத்தது. கம்ப்யூட்டர் டர்போவையும் சேர்த்துக் கவனித்துத்தான் அதை அசைக்கிறது.

டீசலில் சர்ஜே வராது என்றும் சொல்லிவிட முடியாது. பெரிய கப்பல்களில் வரும். புயல் அலையில் ப்ரொபெல்லர் தண்ணீருக்கு மேலே எழும்பி எஞ்சினின் பாரம் திடீரென்று குறைந்தால், அல்லது காற்று வடிகட்டியில் அழுக்கு அடைத்தால், டர்போ நாய் குரைப்பதுபோல் குரைக்கும். எஞ்சின் அறையில் இருப்பவர்கள் அப்போது வேகத்தைக் குறைப்பார்கள், கரை சேர்ந்ததும் அழுக்கை எடுப்பார்கள்.