அளவுமாதிரி மகிழுந்து கட்டுதல்

அளவுமாதிரி மகிழுந்து கட்டுதல் என்பது, உண்மையான மகிழுந்து ஒன்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கி வார்க்கப்பட்ட நெகிழி உதிரிப்பாகங்களை வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி முழு மாதிரியாக உருவாக்கும் பொழுதுபோக்கு ஆகும். உதிரிப்பாகங்கள் அடங்கிய பெட்டி பொதுவாகக் ‘கிட்’ என்றே அழைக்கப்படுகிறது. கடையில் முழுமையாகக் கிடைக்கும் உலோக வார்ப்புப் பொம்மைக் கார்கள் இதில் அடங்கா.

இது சிறுவர் விளையாட்டு எனப் பலர் கருதினாலும், கூரிய கத்தி, கரைப்பான், தெளிப்பு வண்ணம் ஆகியவை தேவைப்படுவதால் வளர்ந்தவர்களுக்கே பெரிதும் பொருந்துவது. முப்பது, நாற்பது வயதுக்கு மேல் இதைப் புதிதாகத் தொடங்குவோர் உண்டு. அவர்களுக்குக் கைத்திறன் குறைவு பெரிய தடையன்று. கிட்டைத் தவறாகத் தேர்வதும், வண்ணம் பூசும்போது பொறுமை இழப்பதுமே முதல் மாதிரி பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றன. நெய்வேலி போன்று வெப்பமும் ஈரப்பதமும் தூசும் மிகுந்த ஊர்களில் இவ்விரண்டாவது சிக்கல் மேலும் கடுமையானது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் ரெவெல் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் ‘ஹைவே பயனியர்ஸ்’ என்ற பெயரில் பழங்காலக் கார்களின் நெகிழிக் கிட்டுகளை வெளியிட்டது. ஏ.எம்.டி. நிறுவனம் முதலில் கார் விற்பனையாளர்களுக்கான விளம்பர மாதிரிகளைச் செய்து வந்தது. 1958இல் அது ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகக் கட்டக்கூடிய 1:25 கிட்டுகளை அறிமுகப்படுத்தியது.

ஜப்பானின் ஷிசுவோகா நகரம் இத்தொழிலின் மற்றொரு மையமாகும். 1946இல் மர வணிக நிறுவனமாக அங்குத் தொடங்கப்பட்ட தாமியா, மர மாதிரிகளைச் செய்து, 1960இல் முதல் நெகிழி மாதிரியை வெளியிட்டது. அது ஒரு போர்க்கப்பல். கார்கள் பின்னரே வந்தன. நிறுவனரின் மகன் ஷுன்சாகு தாமியா, 1976இல் வெளிவந்த 1:12 போர்ஷே 934 மாதிரிக்காக உண்மையான போர்ஷே 911 ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தார் என்பது இத்துறையில் பரவலாக அறியப்பட்ட செய்தி. அவர் 2025இல் காலமானார்.

இந்தியாவில் 1960களின் இறுதியிலிருந்து, பிரித்தானிய டிங்கி டாய்ஸ் நிறுவனத்தின் பழைய அச்சுகளைக் கொண்டு கல்கத்தாவில் ‘நிக்கி டாய்ஸ்’ என்ற உலோகக் கார்கள் வார்க்கப்பட்டன. இவை கட்டும் கிட்டுகள் அல்ல. பிற்காலத்தில் பிரித்தானிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் கிட்டுகள் பல இந்தியாவில் வார்க்கப்பட்டு ஏற்றுமதியாயின.

அளவு விகிதம்

மகிழுந்துகளுக்கு மிகுதியாகப் பயன்படும் விகிதங்கள் 1:24, 1:25 ஆகியன. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கே 1:24. ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசடர் கார் இவ்விகிதத்தில் 18 செ.மீ. அளவினதாகும், உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம், நுண்பாகங்களும் கண்ணுக்குத் தெரியும்.

எல்லா வண்டிகளுக்கும் இவ்விகிதம் பொருந்தாது. நெய்வேலிச் சுரங்கங்களில் மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் வெட்டும் பக்கெட் வீல் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். 50 மீட்டர் நீளமுள்ள ஓர் இயந்திரத்தை 1:24இல் செய்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும், கட்டிலுக்கே இடமிராது. இதனாலேயே ரெவெல் நிறுவனம் ஜெர்மானிய பக்கெட் வீல் இயந்திரம் ஒன்றின் கிட்டை 1:200 விகிதத்தில் வெளியிட்டது. நெய்வேலிவாசிக்கு அது ஈர்ப்பான பெட்டிதான். ஆனால் நூற்றுக்கணக்கான மெல்லிய சட்டங்கள் கொண்ட அதை முதல் மாதிரியாகத் தேர்வது நல்லதன்று.

முதல் கிட்டைத் தேர்தல்

தொடக்கநிலையினர் இயந்திர அறை திறக்காத, ஒரே நிற உடலுடைய கார்களைத் தேர்வது நன்று. 1:24 விகிதத்தில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில், மினி கூப்பர் போன்றவற்றைத் தாமியா வெளியிட்டுள்ளது. அதன் பாகங்கள் துல்லியமாகப் பொருந்துவதாகப் பெயர் பெற்றவை. பசையின்றி அழுத்திப் பொருத்தும் கிட்டுகளும் உள்ளன. மெல்லிய குழாய்களும் சக்கரக் கம்பிகளும் நிறைந்த மோட்டார் சைக்கிள்களைப் பின்னாளுக்கு ஒதுக்கலாம்.

மாருதி ஜிப்சியைச் செய்ய விரும்புவோர் ஜப்பானியக் கிட்டுகளிலுள்ள சுசுகி ஜிம்னியை நாடுவதுண்டு. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் ஜிப்சி நீளமானது. உடலை வெட்டி நெகிழித் தகடு சேர்த்து நீட்டாமல் அதைப் பெற இயலாது.

விலையும் கருதத்தக்கது. இந்தியச் சுங்க வகைப்பாட்டில் அளவுமாதிரிகள் பொம்மைகளுடன் ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. எனவே பாதியில் கெட்டுப்போகும் கிட் சிறிய இழப்பன்று. ஒன்றை முடிக்குமுன் நான்கு பெட்டிகளை வாங்கி அடுக்குவது இப்பொழுதுபோக்கில் உலகெங்கும் காணப்படும் பழக்கம்.

வெட்டுதலும் ஒட்டுதலும்

பாகங்கள் ஒரு நெகிழிச் சட்டத்தில் இணைந்திருக்கும். அவற்றைக் கையால் முறித்தல் கூடாது. கூரிய நிப்பரால் முதலில் பாகத்திலிருந்து சற்றுத் தள்ளியும், பின்னர் நெருங்கியும் இருமுறை வெட்டி, எஞ்சிய முனையை எமரித்தாளால் தேய்க்க வேண்டும்.

கிட்டுகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் எனும் நெகிழியால் ஆனவை. இதற்குரிய பசை உண்மையில் ஒரு கரைப்பானாகும். அது இரு பரப்புகளையும் சிறிது கரைத்து ஒன்றாக உருக்கிவிடுகிறது. எனவே மிகுதியாக இட்டால் பாகமே உருக்குலையும். வீடுகளில் காணப்படும் விரைவுப் பசையின் ஆவி கண்ணாடிப் பாகங்களில் வெண்பூச்சாகப் படியும் என்பதால், காரின் சன்னல்களை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையால் ஒட்டுவர். உலர்ந்ததும் அது நிறமற்றதாகிவிடும்.

பசையிடுமுன் எல்லாவற்றையும் வெறுமனே பொருத்திப் பார்த்தல் இன்றியமையாதது. குறிப்பாக, வண்ணம் பூசுமுன்பே உடலை அடிச்சட்டத்தின்மீது வைத்துப் பார்க்க வேண்டும். இதை விடுத்தவர்கள், பளபளப்பான உடலை இறுதி நாளில் அழுத்திப் பொருத்தும்போது விரிசல் காண்பர்.

வண்ணம் பூசுதல்

போர் ஊர்தி மாதிரிகளில் சேறும் துருவும் குறைகளை மறைத்துவிடும். மகிழுந்து மாதிரியில் அவ்வாறு மறைக்க வழியில்லை. அதன் அழகே கண்ணாடி போன்ற மேற்பரப்பில் உள்ளது. ஒரு தூசி, ஒரு விரல்தடம், ஒரு வழிசல் எல்லாம் தெரியும். ஆகவே இதுவே இக்கலையின் கடினமான பகுதி எனலாம்.

வார்ப்பின்போது படிந்த எண்ணெயை நீக்க, உடலைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். பின்னர் அடிப்பூச்சு, நிறம், மேல்பூச்சு என்ற வரிசையில் மெல்லிய படலங்களாகத் தெளிக்க வேண்டும். ஒரே தடவையில் முழு நிறத்தையும் பெற முயல்வதே வழிசலுக்குக் காரணம். வாகனப் பட்டறைகளுக்கான தெளிப்பு வண்ணங்கள் மலிவாயினும், அவற்றின் கரைப்பான் பாலிஸ்டைரீனை அரித்துச் சுருக்கங்களை உண்டாக்கக்கூடும். வெளிநாட்டுக் கையேடுகள் நெகிழிக் கரண்டியில் சோதித்துப் பார்க்கச் சொல்லும். இந்தியாவில் 2022 சூலை முதல் அத்தகைய கரண்டிகள் தடைசெய்யப்பட்டுள்ளதால், கிட்டின் எஞ்சிய சட்டத்திலேயே சோதிக்கலாம்.

நெய்வேலி, கடலூர் மாவட்டத்தில் திறந்தவெளிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் சூழ அமைந்த நகரியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் காற்றில் ஈரம் மிகும். அப்போது லாக்கர் வகை வண்ணத்தைத் தெளித்தால், கரைப்பான் விரைந்து ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதன்மீது படிந்து பால்போன்ற வெண்படலம் தோன்றும். கோடையில் இதற்கு மாறான இடர் உண்டு. வண்ணத் துளிகள் வழியிலேயே பாதி உலர்ந்து, ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாக விழும். சனவரி முதல் மார்ச் வரை, பனி விலகிய முற்பகல் வேளையே இப்பகுதியில் தெளிப்பதற்கு ஏற்றது. கோடையில் விடிகாலையில் தெளிக்கலாம். மழைக்காலத்தில் தெளிப்பதைத் தள்ளிவைத்து, இருக்கை, சக்கரம் போன்றவற்றை நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தால் தூரிகைகொண்டு பூசலாம்.

தூசைத் தடுக்க மின்விசிறியை நிறுத்தி, தரையில் நீர் தெளித்து, பூசிய உடலை உடனே ஒரு பெட்டியால் மூடிவைப்பது எளிய முறை. ஒரு படலம் உலரும்வரை தொடாமலிருப்பதே தொடக்கநிலையினருக்குக் கடினமானது. ஷிப்டு முறையில் பணிபுரிவோருக்கு இது ஒருவகையில் வசதியே: பணிக்குச் செல்லுமுன் தெளித்தால், திரும்பி வரும்வரை தொட்டுப் பார்க்க வாய்ப்பில்லை.

தெளிப்பு வண்ணங்கள் எளிதில் தீப்பற்றுபவை. அவற்றை விமான அஞ்சலில் அனுப்ப இயலாது. வெளியூரிலிருந்து வரவழைப்போர் தரைவழிப் போக்குவரத்தையே நம்ப வேண்டியுள்ளது.

உடல்நலம்

துணி முகக்கவசமும், தூசைத் தடுக்கும் என்-95 கவசமும் கரைப்பான் ஆவியைத் தடுக்கா. செயலூட்டிய கரி வடிகட்டி பொருத்திய கவசமே அதற்கு உதவும். படுக்கையறையிலும், குழந்தைகள் உள்ள அறையிலும், சமையல் அடுப்பின் அருகிலும் தெளித்தல் ஆகாது. நெய்வேலிக் குடியிருப்பு வட்டங்களில் தோட்டத்துடன் கூடிய வீடுகளில் வசிப்போர் பின்புறத் திறந்தவெளியைப் பயன்படுத்தலாம். காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி நின்றால் ஆவி முகத்திலடிக்காது.

நாற்பது வயதையொட்டித் தோன்றும் வெள்ளெழுத்து மற்றொரு தடை. கை நடுக்கம் எனப் பலர் எண்ணுவது பெரும்பாலும் சரியாகத் தெரியாமையே. தலையில் அணியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பக்கவாட்டிலிருந்து வரும் வெண்ணிற ஒளியும் இதைப் பெரிதும் சரிசெய்யும்.

உண்மை வண்டிகளைப் பார்த்தல்

கிட்டின் விளக்கப்படம் எவ்வளவு தெளிவாயினும், உண்மை வண்டியைக் கண்டவரின் மாதிரி வேறுபட்டிருக்கும். தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று, கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீ.டி. கார் அருங்காட்சியகம். அங்குப் பழைய பீட்டில் வகைக் கார்களை அருகிலிருந்து காணலாம். கதவு இடுக்குகளின் நிழல், சக்கரத்திற்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டையின் மங்கிய கருமை ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது பயன் தரும். ரப்பரைப் பளபளக்கும் கருப்பில் பூசுவது தொடக்கநிலையினர் பலர் செய்யும் பிழை.